மூன்று முறை தட்டினால்

முதலில் அந்த ஷட்டரை முழுசாக இறக்கு, தம்பி மண்ணாங்கட்டி. பாதியில் நிறுத்தாதே… தரை வரைக்கும். புழுக்கமாக இருந்தால் இருக்கட்டும். சாரல் அடித்தால் ஸ்பானரெல்லாம் துருப்பிடிக்கும், அதற்காகத்தான் என்று வைத்துக்கொள். சிவசங்கரி, உன் டிபன் கடை பேப்பர் கப் இங்கே வேண்டாம். என் மெக்கானிக் கடையில் டீ குடித்தால் எவர்சில்வர் டம்ளரில்தான். எல்லாரும் கையில் வாங்கிக்கொண்டீர்களா? சுடுகிறதா? சுடட்டும், நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நெல்லித்தோப்பில் கரண்ட் போனால் இனி விடிந்துதான் வரும். வெளியே மழை கொட்டுகிறது, எவனும் வீட்டுக்குப் போக முடியாது. கிளோத்துக்கு என்ன ஆச்சு, அவன் தங்கச்சி எங்கே என்று ஆறு மாதமாக என் உயிரை எடுக்கிறீர்களே… சொல்கிறேன். ஆனால் குறுக்கே பேசினால் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். இந்த விஜயராகவன் குணம் உங்களுக்குத் தெரியும்.

மத்தியானம் இரண்டு மணி. போன சித்திரை வெயில். கடற்கரையை ஒட்டி இருக்கிற வெள்ளைக்காரத் தெருக்களை நீங்கள் சாயங்காலத்தில்தான் பார்த்திருப்பீர்கள்… ஐஸ்கிரீம், செல்பி, கூட்டம். வெயில் நேரத்தில் போய்ப் பாருங்கள். ஒரு நாய் இருக்காது. ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கும். மஞ்சள் சுவர்… காகிதப்பூ… சூடு. நம் வண்டிச் சத்தமே சுவரில் பட்டு, பின்னால் வேறு யாரோ வருகிற மாதிரி கேட்கும்.

அந்தத் தெருவில்தான் கிளோத் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு வந்தான். என்னோடு படித்தவன். மூலக்குளத்தில் வீடு. கையில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட், வாயில் நம்ம ஊர்த் தமிழ். அவனுடைய ஒரே தங்கை கரீன் சற்று முன்னால் போன் செய்திருந்தாள். சொன்னது இரண்டே வரி.

“அண்ணா, நான் அவரக் கூட்டிட்டு வரப் போறேன். நீ வந்து கதவுகிட்ட இரு.”

வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டால் மணி மட்டும் அடிக்கிறது. அவரை என்றால் அவள் புருஷன் பிரூனோவை. பிரூனோ எங்கேயும் போகவில்லை… வீட்டில்தான் இருந்தான். வீட்டில் இருக்கிற புருஷனை எங்கேயிருந்து கூட்டி வருவாள்? அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பிரூனோ ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்களை நம் ஊரில் அப்படித்தானே சொல்வோம். நல்லவன். ஆனால் தலையில் ஒரு புழு புகுந்துவிட்டால் விடமாட்டான். பிரான்சில் இருந்தபோது ஒரு கிழட்டு அதிகாரி அவன் காதில் பிராங்மசோன் கதையை ஊதியிருக்கிறான். மசோன் என்றால் கொத்தனாராம். கரணை பிடித்த கொத்தனார் இல்லை… எல்லாம் கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள். கவராயத்தையும் மூலைமட்டத்தையும் சின்னமாக வைத்துக்கொண்டு, ஒருத்தரையொருத்தர் சகோதரன் என்று கூப்பிட்டுக்கொண்டு, கதவைச் சாத்திக் கூட்டம் போடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு லோஜ் என்று பெயர். பிரெஞ்சுக்காரன் காலத்தில் இந்த ஊரிலும் ஒரு லோஜ் இருந்ததாம். கலைந்து போகும்போது தங்கமும் வெள்ளியுமாக ஒரு பெட்டியை எடுத்துப்போக முடியாமல் எங்கோ ஒளித்துவிட்டார்களாம். எங்கே என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு இடம் சொல்வார்கள். கலங்கரை விளக்கத்துக்கு அடியில் என்பான் ஒருத்தன், கடலுக்குள் என்பான் இன்னொருத்தன். டீக்கடைப் பேச்சு என்று நாமெல்லாம் விட்டுவிட்டோம். பிரூனோ விடவில்லை.

அவர்கள் குடியிருந்தது பிரான்சில் இருக்கும் ஒரு குடும்பத்தின் பழைய வீடு. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று இவர்களிடம் விட்டிருந்தார்கள். ஒருநாள் மாடிப்படிக்குக் கீழே ஈரம் ஊறி, சுண்ணாம்பு பொரிந்து விழுந்தது. உள்ளே செங்கல்லில் செதுக்கியிருந்தது… ஒரு கவராயம், ஒரு மூலைமட்டம். அன்றைக்கு அந்த மனுஷன் சோறு தின்னவில்லை. சுவரை உடைத்தான். பின்னால் ஒரு சின்னக் கதவு. குனிந்துதான் போக முடியும். மரம்… தாழ்கூட வெளிப்பக்கம் குறுக்கே போடுகிற மரக்கட்டை. ஒரு ஆணி கிடையாது, கீலுக்குப் பதில் மரமுளை, இரும்பென்று பொட்டுகூட இல்லை.

திறந்தான். நாலு பக்கமும் கறுப்பு அடித்த ஒரு அறை. ஒரு ஆள் உட்காரலாம், படுக்க முடியாது. சுவரில் வெள்ளையாக ஒரு மண்டையோடு வரைந்திருந்தது. ஒரு முக்காலி. மண் சட்டியில் உப்பு. அவ்வளவுதான்… ஆனால் வாசனை. எத்தனையோ வருஷமாகச் சுவர் வைத்து அடைத்த அறையில், அப்போதுதான் யாரோ ஊதி அணைத்த மெழுகுவர்த்தி வாசனை அடித்தது என்று கரீன் கிளோத்திடம் சொன்னாள். திரி கருகுமே… அந்த வாசனை.

கதவுக்கு வெளியே பக்கவாட்டில் ஒரு மாடம். மாடத்தில் ஒரு மரக்கிண்ணம். கிண்ணத்துக்குள் ஒரு மோதிரம், செருப்பு பக்கிள் இரண்டு, சட்டைப் பொத்தான், கறுத்துப்போன ஒரு சிலுவை. பிரூனோ குதித்தான். அந்த முறை அவனுக்குத் தெரியும். லோஜில் புதிதாகச் சேருகிறவனை முதலில் இப்படி ஒரு இருட்டறையில் தனியாக வைத்துச் சாத்துவார்களாம். உள்ளே போகும்போது மேலே ஒரு துளி உலோகம் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் கழற்றி வெளியே வைத்துவிட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து மூன்று தட்டு… கதவைத் திறந்து வெளியே அழைத்துப் போவார்கள். அவன் இதையெல்லாம் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தபோது கரீன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புத்திசாலி.

“இதெல்லாம் கழட்டி வச்சிட்டு உள்ள போனவன்… ஏன் திரும்பி வந்து எடுத்துக்கல?”

அவன் யோசிக்கவில்லை. எனக்கு இப்போது நினைத்தாலும் அவனை அறைய வேண்டும் போலிருக்கிறது.

அறையைத் தட்டிப் பார்த்தான், தோண்டிப் பார்த்தான். பெட்டி இல்லை. கடைசியில் ஒரு யோசனை. பின்சுவரில் எங்கோ கீறல் இருக்கும், உச்சி வெயிலில் அதன் வழியாக வெளிச்சம் கசியும், கதவைச் சாத்தி இருட்டாக்கினால்தான் கண்ணுக்குத் தெரியும், பெட்டி அங்கேதான். சரி, அதுகூட நியாயம். ஆனால் கதவு தானாகச் சாத்தி நிற்காது, வெளியே கட்டையைப் போட வேண்டும். கூடவே இன்னொரு பைத்தியக்காரத்தனம்… முறைப்படி போனவனுக்குத்தான் வழி தெரியும் என்று கல்யாண மோதிரம், சங்கிலி, கைக்கடிகாரம், வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி அந்தக் கிண்ணத்திலேயே போட்டான். வேட்டியோடு குனிந்து உள்ளே போனான்.

கட்டையைப் போடும் முன்னால் கரீன் சொன்னாள். “மூணு தடவ தட்டுங்க. ஒண்ணு ரெண்டுக்கெல்லாம் நான் தொறக்க மாட்டேன்.”

ஏன் சொன்னாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் கதவைத் தட்டினால், பெயர் சொல்லிக் கூப்பிட்டால், மூன்றாவது தடவைக்குத்தானே நாம் எழுந்திருப்போம்? ஒன்றோடு, இரண்டோடு நின்றுவிட்டால் அது வேறு. மூன்று என்றால் மனுஷன். கோயிலுக்குப் போகிறவனோ, சர்ச்சுக்குப் போகிறவனோ, இந்த விஷயத்தில் நாமெல்லாம் ஒன்றுதான். கரீனும் அப்படித்தான் வளர்ந்தாள். பிரூனோ உள்ளேயிருந்து சிரித்தான். “அவங்க முறையும் அதான். மூணு.”

கட்டை விழுந்தது.

அவள் கதவோடு ஒட்டி நின்றாள். முதலில் முக்காலி நகர்கிற சத்தம். அப்புறம் அவன் இருமினான். அப்புறம் ஒன்றும் இல்லை. திடீரென்று… டொக்டொக். அவசரமாக இரண்டு. அடுத்ததற்காகக் கட்டையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் இல்லை. இரண்டோடு நின்றது அவளைப் பயமுறுத்திவிட்டது. அவன் இல்லை, வேறு எதுவோ என்று நினைத்தாள். கையை எடுத்துவிட்டாள்.

ரொம்ப நேரம் கழித்து… டொக்… டொக்… டொக். நிதானமாக. ஒரே அளவாக.

திறந்துவிட்டாள்.

பிரூனோதான் வெளியே வந்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. அவன்மேல் அந்தத் திரி வாசனை அடித்தது. பெட்டி கிடைத்ததா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினான், ஆம் என்றா இல்லை என்றா தெரியவில்லை. கிண்ணத்தை நீட்டினாள். அப்புறம் என்றான்.

அந்த அப்புறம் வரவேயில்லை. டம்ளரில் தண்ணீர் கொடுத்தால் கீழே வைக்கச் சொன்னான், குடிக்கவில்லை. எவர்சில்வர் தட்டைத் தொடவில்லை, வாழையிலை கேட்டான். இரும்பு கேட்டை அவள் திறந்துவிட்டால்தான் வெளியே போனான். பெட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை, அந்தப் பித்து எங்கே போனதென்றே தெரியவில்லை. நாள்முழுக்க மாடியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்… ரொம்ப நாளாகப் பார்க்காத மாதிரி. ஒரு சாயங்காலம் பக்கத்தில் போய் அவன் தோளில் கை வைத்தாளாம். வளையல் பட்டதும் சட்டென்று நகர்ந்துகொண்டான். அவள் கழுத்துத் தாலியைக் காட்டி, சாதாரணமாக, உப்பு கேட்கிற மாதிரி சொன்னான்.

“அதக் கழட்டி வச்சிட்டு வா.”

அன்றைக்குத்தான் அவள் கிளோத்துக்கு முதல்முதலாகப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். கிளோத் என்ன செய்தான்? புதையல் பித்து, டாக்டரிடம் காட்டலாம் என்றான். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவள் இன்னொன்றும் சொன்னாள். தினமும் மத்தியானம் படிக்கட்டுக்குக் கீழே சத்தம் கேட்கிறது. டொக்டொக். இரண்டு. போய்த் திறந்தால் யாரும் இல்லை. முக்காலி, உப்பு, இருட்டு. சாத்திக் கட்டையைப் போட்டால்… மறுபடி இரண்டு. பிரூனோ மாடியில் உட்கார்ந்திருக்கும்போதே இது.

“மொதல்ல ரெண்டு தட்டுனாரே அண்ணா… அதுதான் அவரு. நான் தொறக்கல.”

சொல்லிவிட்டு அழுதிருக்கிறாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகும் இவன் இரண்டு நாள் கடத்திவிட்டான். அதற்கப்புறம்தான் அந்த மத்தியானப் போன். நீ வந்து கதவுகிட்ட இரு…

கிளோத் போய்ச் சேர்ந்தபோது கேட் விரியத் திறந்து கிடந்தது. பிரூனோ வெளியே வந்துகொண்டிருந்தான். வெறுங்கால். அந்த வெயிலில் தார் ரோட்டில் கால் வைத்தான், முகம் சுளிக்கவில்லை. கிளோத்தைப் பார்த்து நின்றான். மச்சான் என்று கூப்பிடாமல் பிரூனோ அவனிடம் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. அன்றைக்குக் கூப்பிடவில்லை.

“உள்ள இருக்கா. மூணு தட்டு வந்தா தொற.”

சொல்லிவிட்டுக் கடல் பக்கம் நடந்து போனான். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.

கிளோத் உள்ளே ஓடினான். படிக்கட்டுக்குக் கீழே கதவு. வெளியே கட்டை போட்டிருந்தது. அவளே உள்ளே போய் அவளே வெளியே கட்டை போட முடியுமா? யார் போட்டது என்று தெரிகிறதல்லவா? மாடத்தில் கிண்ணம். பிரூனோவின் சாமான்களுக்கு மேலே அவளுடைய வளையல், தோடு, மெட்டி… புடவையில் குத்தியிருந்த ஊக்குகூட. எல்லாவற்றுக்கும் மேலே தாலிப்பொன். கயிறு இல்லை. பொன்னை மட்டும் உருவி வைத்துவிட்டுக் கயிற்றைக் கழுத்திலேயே கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். என்னிடம் இதைச் சொல்லும்போதுதான் கிளோத் உடைந்துபோனான். நானும்தான்.

கட்டையை உருவித் திறந்தான். யாரும் இல்லை. முக்காலி, உப்பு, இருட்டு. திரி கருகிய வாசனை. கையை உள்ளே விட்டுத் துழாவினான். சுவர்… சுவர்… சுவர். கரீன் சொன்னது நினைவுக்கு வந்தது. கதவைச் சாத்திக் கட்டையைப் போட்டுவிட்டுக் காதை வைத்தான்.

டொக்டொக். கதவின் நடுவில். கனமான கை.

கொஞ்சம் கீழே… டொக்டொக். மெல்லிய கை.

அவனுக்குத் தெரியாதா தங்கச்சி கை? சின்ன வயதில் குளியலறைக் கதவைத் தட்டித் தட்டி அவனை விரட்டியவள்தானே. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். கதவில் வாயை வைத்துக் கெஞ்சினான். “கரீன்… இன்னும் ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு தட்டும்மா.”

மறுபடி கீழே இரண்டு. மறுபடி. மூன்றாவதற்குக் கை எழும்ப விடாமல் யாரோ பிடித்துக்கொள்கிற மாதிரி, ஒவ்வொரு தடவையும் இரண்டோடு அறுந்து போயிற்று. ஒரு மணி நேரமோ என்னவோ. அப்புறம் அமைதி.

அப்புறம் வந்தது. டொக்… டொக்… டொக். நிதானமாக. ஒரே அளவாக. நடுவிலும் இல்லை, கீழேயும் இல்லை. எந்த இடத்திலிருந்து என்று அவனால் சொல்ல முடியவில்லை.

கட்டையைப் பிடித்த கை பிடித்தபடி நின்றது. அவன் திறக்கவில்லை.

போலீஸ் வந்தது. பின்சுவரை இடித்துப் பார்த்தார்கள், பக்கத்து வீட்டுக் குளியலறை, திரும்ப அடைத்துவிட்டார்கள். பெட்டியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. புருஷனும் பெண்சாதியும் புதையலோடு ஓடிவிட்டார்கள் என்று ஊர் பேசியது. நீங்களும் பேசினீர்கள். ஆமாம் சிவசங்கரி, நீயும்தான்.

கிளோத் அந்த வீட்டிலேயே போய்த் தங்கிவிட்டான். இங்கே வரும்போதெல்லாம் என்னிடம் ஒரே கேள்வி. “ராகவா, அந்த மூணு… அது அவளா இருந்திருந்தா?” இல்லை என்பேன். “எப்படித் தெரியும்?” என்பான். எனக்கு என்ன தெரியும்? இரண்டுக்குத் திறக்காதே, மூன்றுக்குத் திற என்று சொல்லி வளர்த்தார்கள். அவள் அதை நம்பித் திறந்தாள், பிரூனோ போனான். இவன் அதை நம்பாமல் திறக்கவில்லை, ஒருவேளை அவள் போய்விட்டாள். இரண்டில் எது தப்பு? போன வாரம் கடைசியாக வந்தபோது எழுந்து போகும் முன்னால் சொன்னான். “இன்னொரு தடவ மூணு வந்தா தொறந்துடுவேன்டா. எது வந்தாலும் வரட்டும். அவளா இருந்தா?” கையைப் பிடித்துத் தடுத்தேன். உதறிவிட்டுப் போனான்.

இன்றைக்குச் சாயங்காலம் மறுபடி வந்தான். நீங்களெல்லாம் வரும் முன்னால். மழை பிடிக்கிற நேரம்.

சிரித்துக்கொண்டு வந்தான். ஆறு மாதத்தில் அவன் சிரித்து நான் பார்க்கவில்லை, எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. நனைந்துகொண்டு வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்றேன். தரையில் கிடக்கிற ஸ்பானர், செயின், போல்ட்டு எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தான். இதையெல்லாம் ஓரமாக எடுத்து வை, அப்புறம் வருகிறேன் என்றான். டம்ளரில் டீயை நீட்டினேன். பேப்பர் கப் இருக்கிறதா என்று கேட்டான்.

கரீன் எங்கேடா என்றேன். தலையை மட்டும் ஆட்டினான். கையில் கடிகாரம் இல்லை. கழுத்தில் சங்கிலி இல்லை. ஸ்கூட்டரும் இல்லை, அங்கேயிருந்து நடந்தே வந்திருக்கிறான். மழை வாசனையைத் தாண்டி எனக்கு அந்தத் திரி வாசனை அடித்தது. மூன்றுக்குத் திறந்து, கரீன் முகத்தோடு வந்ததை நம்பி அவனும் அந்த அறைக்குள் போயிருக்கிறான் என்று புரிந்தது. நான் வெளியே போகவில்லை, அவன் உள்ளே வரவில்லை. கொஞ்ச நேரம் தெருவையும் ஜனங்களையும் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கிளம்பும்போது சொன்னான், ராகவா என்று கூப்பிடாமல்.

“மழ நின்னதும் வரேன். தொற.”

அதனால்தான் ஷட்டரை இறக்கச் சொன்னேன். இரும்பு ஷட்டர். பேப்பர் கப்பெல்லாம் நான்தான் எடுத்து எறிந்தேன். இருட்டில் நீங்கள் ஒவ்வொருத்தராக உள்ளே வந்தபோது டம்ளரைக் கையில் கொடுத்துப் பார்த்துவிட்டேன், நீங்கள் எல்லாரும் நீங்கள்தான். மண்ணாங்கட்டி, பின்பக்கக் கதவுக்குத் தாழ் போட்டாயா? அது மரக்கதவு…

கொஞ்சம் பேசாமல் இருங்கள். மேலே தகரத்தில் சத்தத்தைக் காணோம்.